அனிமேஷன் படத்தில் கமரா யார் பக்கம் நிற்கிறது? படிக்கவும் வரையவும் ஒரு வழிகாட்டி

நடிகர்களை வைத்துப் படம் எடுக்கிறவருக்கு, கமராவை வைக்க நினைத்த இடமெல்லாம் கிடைப்பதில்லை. சுவர் குறுக்கே நிற்கும், வெளிச்சம் போதாது, சரிவில் முக்காலி நிலைக்காது. ஒரு கோணம் ஏன் அப்படி அமைந்தது என்று கேட்டால், "வேறு இடம் இருக்கவில்லை" என்ற பதில் சில வேளைகளில் உண்மையாகவே இருக்கும். அனிமேஷனில் அந்தப் பதில் செல்லாது. வெற்றுத்தாளிலோ கணினித் திரையிலோ, பார்வை எந்த உயரத்திலிருந்து புறப்பட வேண்டும் என்பதை ஒருவர் முடிவு செய்துதான் முதல் கோட்டை இழுக்கிறார். அந்த முடிவை, காட்சிகளைக் கட்டங்கட்டமாக முன்கூட்டியே வரைந்து காட்டும் கதைப்பலகை வரைகிறவர்களும் இயக்குநரும் திரும்பத் திரும்பப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அது திரைக்கு வருகிறது. ஒரு பாத்திரம் சிறுத்துத் தெரிந்தால், அதைச் சிறுக்க வைத்தவர் ஒருவர் இருக்கிறார். ஒரு கூட்டத்துக்கு முகம் இல்லையென்றால், முகம் வேண்டாம் என்று தீர்மானித்தவர் ஒருவர் இருக்கிறார். திரைமொழியைப் படிக்க விரும்பும் மலையக மாணவர்களையும், கைப்பேசியிலேயே சிறிய அசைவுப்படங்கள் செய்யத் தொடங்கியிருக்கும் இளைஞர்களையும் அனிமேஷனிலிருந்து தொடங்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. தோட்டப்புறத்தில் உயரம் என்பது வெறும் நில அமைப்பு அல்ல. துரை பங்களா மேட்டில் இருக்கும். அங்கிருந்து பார்த்தால் மலைகளும் லயங்களும் பாதைகளும் தெரியும். தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தின் இஸ்தோப்பில், அதாவது முன்திண்ணையில், நின்று பார்த்தால் பங்களாவின் கூரையும் மரங்களும் மட்டுமே தெரியும். ஹப்புத்தளைக்கு அருகே, தம்பேதன்னைத் தோட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 1,970 மீற்றர் உயரத்தில் இருக்கும் லிப்டன் சீட் என்ற இடத்திலிருந்துதான் தோமஸ் லிப்டன் தன் தேயிலை நிலங்களைப் பார்வையிட்டார் என்று சொல்லப்படுகிறது. இன்று அதே இடத்தில் நின்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிறார்கள். ட்ரோன் கமரா வந்த பிறகு அந்தப் பார்வை இன்னும் மேலே போய்விட்டது: எங்கும் பச்சை, நடுவே சிவப்பும் மஞ்சளுமாகச் சில புள்ளிகள். அந்தப் புள்ளிகள் கொழுந்து பறிக்கும் பெண்கள். நம்முடைய மண்ணை மேலிருந்து பார்க்க நம் கண்களே பழக்கப்பட்டுவிட்டன. ஆகவே இங்கே பிறந்து வளர்ந்த ஒருவர் "ஒரு தோட்டக் காட்சி வரை" என்று சொன்னவுடன் பெரும்பாலும் அந்தப் பறவைப் பார்வையைத்தான் முதலில் வரைகிறார். அந்தப் பழக்கத்திலிருந்து விடுபட வேண்டுமானால், முதலில் பிறர் படங்களில் கமரா எங்கே நிற்கிறது என்று அளக்கத் தெரிய வேண்டும்.

கமராவின் உயரத்தைக் கண்டுபிடிக்கும் முறை

ஒரு காட்சியை நிறுத்தி, ஒலியை முழுவதும் அடக்கிவிடுங்கள். இசை நமக்கு எதை உணர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கும் வரை கண் தனியாக வேலை செய்யாது. பிறகு திரையில் தொடுவானக் கோடு எங்கே விழுகிறது என்று தேடுங்கள். தொடுவானம் எப்போதும் பார்க்கும் கண்ணின் மட்டத்திலேயே விழும். சமதரையில் நிற்கும் ஒரு பாத்திரத்தின் இடுப்பை அந்தக் கோடு வெட்டினால், கமரா அந்த இடுப்பின் உயரத்தில் இருக்கிறது. நெற்றிக்கு மேலே போனால், நாம் அந்தப் பாத்திரத்தைவிட உயரத்தில் நின்று பார்க்கிறோம்.

மலைப் பகுதியைக் காட்டும் படங்களில் இந்த இடத்தில் பலர் தவறிவிடுகிறார்கள். தூரத்தில் தெரியும் மலைமுகடு தொடுவானம் அல்ல. அது கண்மட்டத்துக்கு மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம். ஏறிச் செல்லும் பாதையின் இரு ஓரங்களும் தொடுவானத்துக்கு மேலே ஒரு புள்ளியில் சேரும். இறங்கும் பாதை அதற்குக் கீழே சேரும். ஆகவே பாதையையும் முகட்டையும் நம்பாமல், மனிதர் மட்டம் பார்த்துக் கட்டியவற்றைத் தேடுங்கள்: லயத்துக் கூரையின் தாழ்வார விளிம்பு, இஸ்தோப்பின் படி, தேயிலைத் தொழிற்சாலையின் சன்னல் வரிசைகள். கிடைமட்டமான இந்தக் கோடுகளை நீட்டினால் அவை கூடும் இடத்தில் தொடுவானம் இருக்கிறது. அதற்கும் வசதியில்லை என்றால் வட்டமான ஒரு பொருள் போதும். கொழுந்துக் கூடையின் வாய் முட்டை வடிவில் திறந்து உள்ளே இருக்கும் கொழுந்து தெரிந்தால், கமரா கூடைக்கு மேலே இருக்கிறது. வாய் ஒரே ஒரு கோடாகத் தட்டையாகிவிட்டால், கமரா மிகச் சரியாக அந்த விளிம்பின் உயரத்தில் இருக்கிறது. கூடையின் அடிப்பாகம் தெரிந்தால் கமரா கீழே போய்விட்டது. ஒரு வாளி, ஒரு தேநீர்க் கோப்பை, ஒரு பீப்பாய் எல்லாமே இந்த வேலையைச் செய்யும்.

அடுத்தது, பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் ஒன்றாகக் குழப்பிவிடும் இரண்டு விடயங்களைப் பிரித்துப் பார்ப்பது. கமரா தாழ்வாக இருப்பது வேறு. கமரா மேல்நோக்கிச் சாய்ந்திருப்பது வேறு. கதவு நிலையும் சுவர் மூலைகளும் புகைபோக்கியும் நேராக, ஒன்றுக்கொன்று சமாந்தரமாக நின்றால், கமரா தாழ்ந்திருந்தாலும் சாயவில்லை என்று பொருள். அவை மேலே போகப் போக ஒன்றை நோக்கி ஒன்று குவிந்தால், கமரா அண்ணாந்து பார்க்கிறது. முதல் வகை ஒரு குழந்தையோடு குந்தி உட்கார்ந்து பேசுவது போன்றது. அதில் பணிவும் இல்லை, அச்சமும் இல்லை, தோழமை இருக்கிறது. இரண்டாவது வகைதான் நாம் வழக்கமாகத் தாழ்கோணம் என்று சொல்வது. பிரமிப்பு, பயம், பக்தி எல்லாம் அதிலிருந்து பிறக்கின்றன. 1955இல் வெளிவந்த 'லேடி அண்ட் த ட்ராம்ப்' படத்தின் பெரும்பகுதி ஒரு நாயின் கண்மட்டத்தில் நடக்கிறது. வீட்டு எசமானர்களின் முகங்களைப் பல இடங்களில் நாம் பார்ப்பதே இல்லை, கால்களும் பாவாடையின் விளிம்பும்தான் வருகின்றன. நாயை மேலிருந்து பார்த்து இரங்க வைக்காமல், உலகத்தை அதன் உயரத்திலேயே நமக்குக் கொடுப்பதால் அந்தக் கதை நிற்கிறது.

அதிகாரம்: உயரத்தை அல்ல, பார்வையைக் கணக்கிடுங்கள்

தாழ்கோணத்தில் காட்டப்படுகிறவர் வலியவர், உயர்கோணத்தில் காட்டப்படுகிறவர் எளியவர் என்ற விதி எல்லோருக்கும் தெரியும். தொடக்கத்துக்கு அது போதும். 'த லயன் கிங்' (1994) படத்தில் வில்லனான ஸ்கார் என்ற சிங்கம் உயர்ந்த பாறைமேடையில் நிற்க, கழுதைப்புலிகள் கீழே அணிவகுத்துச் செல்லும் காட்சி, நாசிக் கட்சியின் மாநாட்டைப் புகழ்ந்து 1935இல் வெளிவந்த பிரசாரப் படத்தின் அமைப்பைத் தெரிந்தே எடுத்தாண்டது. அங்கே கோணமே கதாபாத்திரத்தின் அரசியலைச் சொல்லிவிடுகிறது.

ஆனால் அந்த விதியை மட்டும் வைத்துக்கொண்டு படிக்கிறவர் விரைவில் இடறுவார். விக்டர் ஹியூகோவின் நாவலைத் தழுவி 1996இல் வந்த 'த ஹன்ச்பேக் ஒஃப் நோட்ரடாம்' படத்தில், மணிக்கோபுரத்தில் வாழும் குவாசிமோடோ பாரிஸ் நகரம் முழுவதையும் மேலிருந்து பார்க்கிறான். உயரம் அவனுக்குத்தான் சொந்தம். அதிகாரமோ கீழே, நீதிபதி ஃப்ரோலோவின் கையில் இருக்கிறது. குவாசிமோடோ பார்க்கலாம், இறங்கக் கூடாது. அந்த உயரம் ஒரு சிறை. விலங்குகளே மனிதரைப் போல வாழும் நகரத்தைக் காட்டும் 'ஸூடோப்பியா' (2016) இதை இன்னும் வெளிப்படையாகச் செய்கிறது. குற்றக்கும்பலின் தலைவன் வரப்போகிறான் என்று காத்திருக்கும் இடத்தில், ஒன்றைவிட ஒன்று பெரிய துருவக்கரடிகள் வந்து நிற்கின்றன. நம் பார்வையும் ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் வந்த மிகப் பெரிய கரடி தன் கையை விரிக்க, சின்னஞ்சிறு நாற்காலியில் ஒரு மூஞ்சூறு உட்கார்ந்திருக்கிறது. தலைவன் அவன்தான். இவ்வளவு நேரமும் உடல் அளவையே அதிகாரமாக எண்ணிக்கொண்டிருந்தவர்கள் நாம்தான் என்பதையும் அந்தக் கை விரியும் கணம் காட்டிவிடுகிறது.

ஆகவே உயரத்தோடு நிறுத்தாமல் மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஷொட், அதாவது வெட்டின்றி ஓடும் இந்தக் காட்சித்துண்டு, யாருடைய கண்ணிலிருந்து வருகிறது? பார்க்கப்படுகிறவர் திரும்பிப் பார்க்க முடிகிறதா? திரும்பிப் பார்த்தால் அந்தப் பார்வைக்கும் ஒரு ஷொட் கொடுக்கப்படுகிறதா? உயரத்தில் வேறுபட்ட இருவர் பேசும்போது, நெட்டையானவரின் தோளுக்கு மேலாகக் குட்டையானவரைக் காட்டுவார்கள். அடுத்து குட்டையானவரின் இடத்திலிருந்து நெட்டையானவரைக் காட்டினால் இருவருக்கும் கண் கொடுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு ஷொட்களும் நெட்டையானவரின் உயரத்திலேயே இருந்தால், உரையாடல் இருவருக்கிடையில் நடந்தாலும் பார்வை ஒருவருக்கே சொந்தமாகிவிட்டது. அதிகாரம் என்பது, பார்த்துவிட்டுத் திரும்பப் பார்க்கப்படாமல் போகக்கூடிய நிலைதான் என்று நான் நினைக்கிறேன். கோணத்தைவிட இந்த ஒருவழிப் பார்வையே படத்தில் அதை உறுதியாக நிறுவுகிறது.

தப்பெண்ணம்: படம் காட்டுகிறதா, படமே கொண்டிருக்கிறதா?

தப்பெண்ணத்தைக் கண்டுபிடிப்பது இதைவிடக் கடினம், ஏனெனில் அது பெரும்பாலும் சாதாரணக் கண்மட்டத்திலேயே ஒளிந்திருக்கும். 'ஸூடோப்பியா'வில், வேட்டை விலங்குகளைப் பற்றிய அச்சம் நகரில் பரவிய பிறகு, இரயிலில் ஒரு புலி வந்து உட்கார்ந்ததும் பக்கத்தில் இருக்கும் தாய் தன் பிள்ளையைத் தன்னோடு சேர்த்து இழுத்துக்கொள்கிறாள். அங்கே மிரட்டும் கோணம் எதுவும் தேவைப்படவில்லை. நாமும் அந்த வண்டியில் பயணம் செய்யும் இன்னொருவர் போலப் பார்க்கிறோம். அதனாலேயே அது சுடுகிறது.

இங்கே பிரித்தறிய வேண்டிய முக்கியமான விடயம் ஒன்று இருக்கிறது. ஒரு பாத்திரம் மிரட்சியூட்டும் கோணத்தில், நிழல் படிந்து, சாய்ந்த சட்டகத்தில் காட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கோணம், பயந்திருக்கும் இன்னொரு பாத்திரத்தின் கண்ணிலிருந்து வருமானால், படம் ஒருவருடைய பயத்தை நமக்குக் காட்டுகிறது. பிறகு அந்தப் பயத்தை விசாரிக்கவும் அதற்கு வழி இருக்கிறது. யாருடைய கண்ணிலிருந்தும் அல்லாமல், கதை சொல்லும் பொதுக் கமராவே அந்தப் பாத்திரத்தை எப்போதும் அப்படித்தான் பார்க்கிறது என்றால், தப்பெண்ணம் பாத்திரத்துடையது அல்ல, படத்துடையது. இதைச் சோதிக்க ஒரு நேரடியான வழி உண்டு: இழிவாகவோ ஆபத்தாகவோ கருதப்படும் அந்தப் பாத்திரத்துக்குப் படம் முடிவதற்குள் ஒரு முறையாவது சொந்தப் பார்வை கிடைக்கிறதா என்று பாருங்கள். 'ஸூடோப்பியா'வில் வரும் நரியான நிக் சிறுவனாக இருந்தபோது, சாரணர் குழுவில் சேர ஆசையோடு போன இடத்தில் மற்றச் சிறுவர்கள் அவனைக் கீழே தள்ளி வாய்க்கூடு மாட்டுகிறார்கள். அந்த நினைவைப் படம் அவனுக்குக் கொடுக்கிறது. அதன் பிறகு நரியை நாம் கதாநாயகியான முயலின் கண்ணால் மட்டும் பார்க்க முடியாது. 'த லயன் கிங்' படத்தின் கழுதைப்புலிகளுக்கு அப்படியொரு கணம் கிடைப்பதில்லை. அவை வெளிச்சம் படாத நிலத்தில் பசியோடு வாழ்கின்றன என்பது நமக்குச் சொல்லப்படுகிறது. அந்தப் பசியின் இடத்தில் நின்று ஒளியுள்ள நிலத்தைப் பார்க்கும் வாய்ப்பு நமக்குத் தரப்படவில்லை. நல்ல படம், அழகான படம். ஆனால் இந்த இடத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

இன்னும் கடுமையான உதாரணம் 1941இல் வந்த 'டம்போ'. மழை இரவில் சர்க்கஸ் கூடாரம் அடிக்கும் கறுப்பினத் தொழிலாளர்கள் பாடிக்கொண்டே உழைக்கிறார்கள். அவர்களுக்கு முகமே வரையப்படவில்லை. அதே காட்சியில் உடன் உழைக்கும் யானைகளுக்குக் கண்ணும் வாயும் இருக்கின்றன. கமரா எந்த உயரத்தில் இருந்தாலும் இந்தக் குறையைச் சரிசெய்ய முடியாது. மறுபக்கத்தில், நாயின் உயரத்துக்கு அவ்வளவு மரியாதையோடு இறங்கிய 'லேடி அண்ட் த ட்ராம்ப்', சியாமியப் பூனைகள் இரண்டையும் ஆசிய மக்களைக் கேலிசெய்யும் சாயலில் வரைந்தது. பிற்காலத்தில் டிஸ்னி நிறுவனமே தன் இணையவழிச் சேவையில் இவ்விரு படங்களுக்கும் முன்னால் இது பற்றிய அறிவித்தலைச் சேர்த்தது. ஒருவரிடம் கண்மட்டத்துக்கு இறங்கிய படம் இன்னொருவரிடமும் இறங்கியிருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு குழுவையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

வில்லையையும் கவனிக்க வேண்டும், சுருக்கமாகச் சொன்னால் போதும். தூரத்திலிருந்து நீண்ட குவியத்தூரம் கொண்ட வில்லையால் பார்த்தால், முன்னும் பின்னும் நிற்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஒட்டியதுபோல் நெருங்கித் தெரிவார்கள். தனித்தனி மனிதர்கள் ஒரே திரளாகிவிடுவார்கள். அருகே சென்று அகன்ற வில்லையால் பார்த்தால், முன்னால் இருப்பவர் பெரிதாகவும் அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் பிரிந்தும் தெரிவார்கள். அனிமேஷனில் காட்சியைப் பார்க்கும் உண்மையான வில்லை இல்லை என்றாலும் வரைகிறவர்கள் இந்த இரண்டு தோற்றங்களையும் பின்பற்றுகிறார்கள்.

வரையும்போது: கொழுந்து மடுவத்தில் ஒரு காட்சி

இனி உங்கள் கதைப்பலகைக்கு வருவோம். மடுவம் என்ற கொட்டகையில் கொழுந்து நிறுக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தராசு, பதிவுப்புத்தகம், வரிசை, எசமானத்துவம் எல்லாமே இருக்கின்றன. மழைநாள். ஒரு பெண் தன் கொழுந்தைத் தராசில் வைக்கிறார். கணக்கப்பிள்ளை எடையைப் பார்த்து, ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று சில கிலோவைக் கழித்துவிட்டு எழுதுகிறார்.

முதலில் கைக்கு வருகிறபடியே ஆறு கட்டங்கள் வரைந்து பாருங்கள். கணக்கப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னாலிருந்து கீழே பெண், பிறகு பெண்ணின் இடத்திலிருந்து அண்ணாந்து கணக்கப்பிள்ளை என்றுதான் பெரும்பாலும் வரும். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பெண்ணுக்குக் கிடைப்பது இரக்கம் மட்டுமே, கணக்கப்பிள்ளைக்குக் கிடைப்பது அரக்கத்தனம் மட்டுமே. நடந்தது என்ன என்பது பார்க்கிறவருக்குப் புரியவில்லை.

இரண்டாம் முறை, எந்த உருவத்தையும் வரைவதற்கு முன்னால் ஆறு கட்டங்களிலும் தொடுவானக் கோட்டை மட்டும் போடுங்கள். அதை அந்தப் பெண்ணின் கண்மட்டத்தில், ஏறத்தாழ 1.4 மீற்றரில் வையுங்கள். கமராவைச் சாய்க்காதீர்கள், மடுவத்தின் தூண்கள் நேராகவே நிற்கட்டும். முன்னால் தராசின் எண் பெரிதாகத் தெரியட்டும்; அதற்கு அப்பால் புத்தகமும் பேனாவும். தராசு காட்டும் எண் ஒன்று, பேனா எழுதும் எண் வேறொன்று. பார்க்கிறவரின் கண் இரண்டுக்கும் இடையே போய்வரும். அந்த இடைவெளியில்தான் அதிகாரம் இருக்கிறது. அடுத்த கட்டத்தில் அந்தப் பெண்ணின் கையை மட்டும் அண்மையில் வரையுங்கள்: கொழுந்தின் சாயம் ஏறிக் கறுத்த விரல்நுனிகள், சாக்கின் காதை இன்னும் விடாமல் பிடித்திருக்கும் பெருவிரல். அதன் பிறகு வரிசையில் நிற்கும் மற்றப் பெண்களை ஒரே திரளாக அல்லாமல், அகன்ற வில்லையில், ஒவ்வொருவருக்கும் தனி முகத்தோடு வரையுங்கள். ஒருத்தி எண்ணைப் பார்க்கிறாள், ஒருத்தி பேனாவைப் பார்க்கிறாள், ஒருத்தி இரண்டையும் பார்க்காமல் தன் சாக்கைக் குனிந்து பார்க்கிறாள். கடைசிக் கட்டத்தைக் கணக்கப்பிள்ளைக்குக் கொடுங்கள். அவர் நிமிர்ந்து, யாரோ தனக்குத் தந்த இலக்கை நினைத்து, மேட்டுப் பக்கம் பார்க்கட்டும். அவரும் ஓர் இடத்தில் அண்ணாந்து பார்க்க வேண்டியவர்தான் என்பதைக் காட்டினால், அநியாயம் ஒருவரின் குணத்திலிருந்து நகர்ந்து அதன் உண்மையான இடத்துக்குப் போய்ச் சேரும்.

தோட்டம் முழுவதையும் காட்டும் விரிந்த காட்சி தேவைப்பட்டால் அதைத் தவிர்க்க வேண்டியதில்லை. அது யாருடைய பார்வை என்று சொல்லிவிடுங்கள். முன்னால் பங்களாவின் சன்னல் சட்டத்தை வரைந்து அதற்குள் மலையைக் காட்டினால், மேலிருந்து வரும் பார்வைக்கு உடனே ஒரு உரிமையாளர் கிடைத்துவிடுகிறார். அல்லது இடுப்பளவு தேயிலைச் செடிகளுக்கு நடுவே, இலைகளை ஒட்டிய உயரத்தில் தொடங்கி, மலை எவ்வளவு செங்குத்தானது என்பதைப் பார்க்கிறவர் உணர்ந்த பிறகு மேலே ஏறுங்கள். தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தைப் பொட்டலில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த மட்டம் அந்நியமானது அல்ல. ஆடுகிறவரும் சுற்றி நிற்கிறவரும் ஒரே தரையில்தான் நிற்கிறார்கள்.

கருவிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கையால் வரைகிறவர்கள், நண்பர் ஒருவரின் சம்மதத்தோடு அவரை முழங்கால், நெஞ்சு, தலைக்கு மேல் என்ற மூன்று உயரங்களிலும் கைப்பேசியில் படமெடுத்து மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். வினாடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் படத்தில் ஒவ்வொரு சித்திரத்தையும் இரண்டு சட்டகங்களுக்கு வைப்பது வழக்கம் என்பதால், ஒரு வினாடிக்கு 12 சித்திரங்கள் போதும். கட்டணமின்றிக் கிடைக்கும் பிளெண்டர் மென்பொருளில் வேலை செய்கிறவர்கள், அதன் கமரா 50 மில்லிமீற்றர் குவியத்தூரத்தில் தொடங்குவதைக் கவனியுங்கள். மடுவத்து வரிசைக்கு 24 முதல் 28 வரை இறக்கலாம், ஆனால் அந்த அளவில் ஒரு முகத்துக்கு மிக அருகே போனால் மூக்கு பெருத்துக் கேலிச்சித்திரமாகிவிடும். கமராவின் உயரத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் மீற்றரில் எழுதி வையுங்கள். ஆறு வயதுக் குழந்தையின் பார்வை என்றால் ஏறத்தாழ 1 மீற்றர்.

வரைந்து முடித்ததும், கொழுந்து நிறுக்கும் வரிசையில் நின்று பழகிய ஒரு அக்காவிடமோ அம்மாவிடமோ கதைப்பலகையைக் காட்டுங்கள். கதையை விளக்க வேண்டாம். இந்தக் கட்டத்தில் நீங்கள் எங்கே நின்று பார்க்கிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் நினைத்த இடத்தில் அவர் விரல் வைக்கவில்லை என்றால், அவர் காட்டிய இடத்தில் தொடுவானக் கோட்டைப் புதிதாகப் போட்டு அந்தக் கட்டத்தை மறுபடி வரையுங்கள்.